மல்லிகை மணம் மூளையை எட்டும் வழி

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் அதிகாலையில் வந்து இறங்கும் மல்லிகை இன்னும் மணக்கத் தொடங்கியிருப்பதில்லை. செடியிலிருந்து பறிக்கும்போது அது வாய் திறக்காத மொட்டு. உசிலம்பட்டி, திருமங்கலம், திருப்பரங்குன்றம், நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் பொழுது புலரும் முன்பே பறிப்பு ஆரம்பமாகிவிடும். வெயில் ஏறுவதற்குள் மொட்டு எடை போடப்பட்டு, விலையாகி, சரம் கட்டுகிறவர் கைக்கோ வெளியூர்ப் பேருந்துக்கோ விமான நிலையத்துக்கோ போய்ச் சேர வேண்டும். இதழ் விரிவதும் மணம் பெருகுவதும் மாலையில்தான். காலையில் கொடுக்கப்படும் விலை மாலையில் வரப்போகும் மணத்துக்கான விலை. சந்தையின் அவசரம் முழுவதும் இந்தச் சில மணி நேர இடைவெளியிலிருந்து பிறக்கிறது.

அப்படி வரப்போகும் மணம் என்பது காற்றில் கலக்கும் மூலக்கூறுகளின் கூட்டம், அவ்வளவுதான். அதற்கு நிறம் இல்லை, ஒலி இல்லை, கையில் பிடிக்க எடையும் இல்லை. அதை மணமாக ஆக்குவது நம் மூக்கின் கூரையில் இருக்கும் நரம்புச் செல்களும் அவை பேசும் மூளையும். வெளியுலகத்தின் ஒரு வேதிப்பொருளை ஒரு செல் எப்படிக் கண்டுகொள்கிறது, கண்டதை மூளைக்கு எந்த மொழியில் சொல்கிறது என்பதை விளங்கிக்கொள்ள மாட்டுத்தாவணியைவிடப் பொருத்தமான இடம் குறைவு. கண்ணுக்கும் காதுக்கும் தரும் மதிப்பில் ஒரு பங்குகூட நாம் மூக்குக்குத் தருவதில்லை என்பதையும் இங்கிருந்தே பேசலாம்.

பூவிலிருந்து புறப்படுவது

மதுரை மல்லிக்குத் தாவரவியல் பெயர் ஜாஸ்மினம் சம்பக். 2013இல் அது புவிசார் குறியீடு பெற்றது. அதன் மணத்தைப் பகுத்துப் பார்த்தால் ஒரே பொருள் கிடைப்பதில்லை; பல பொருள்களின் கலவை கிடைக்கிறது. முக்கியமானவை லினலூல், பென்சைல் அசிட்டேட், ஆல்ஃபா ஃபார்னசீன், மெத்தில் ஆந்த்ரனிலேட், இண்டோல் ஆகியவை. இவற்றுள் லினலூல் கொத்தமல்லி விதையின் எண்ணெயில் மிகுதியாக இருப்பது. மெத்தில் ஆந்த்ரனிலேட் திராட்சை மணம் தருவதற்காக மிட்டாய்களிலும் பானங்களிலும் சேர்க்கப்படுவது. இண்டோல் மலத்தின் நாற்றத்திலும் இருக்கிறது. ஆனால் மிகச் சிறிய அளவில் பூவின் மணத்துக்கு ஆழம் கூட்டுவது அதுவே. தனித்தனியே முகர்ந்தால் இவற்றில் எதுவும் மல்லிகை இல்லை. சேர்ந்து வரும்போது மதுரைக்காரர் எவருக்கும் ஐயம் எழுவதில்லை.

சந்தையில் மல்லிகைக்குப் பக்கத்திலேயே பிச்சியும் முல்லையும் சம்பங்கியும் மரிக்கொழுந்தும் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு கலவையைக் காற்றில் விடுகிறது. கனகாம்பரம் மட்டும் விலக்கு. கண்ணைப் பறிக்கும் நிறம் உண்டு, மணம் இல்லை. ஒரு பொருள் மணக்க வேண்டுமானால் அதன் மூலக்கூறு சிறியதாக இருக்க வேண்டும். எளிதில் ஆவியாக வேண்டும். மூக்கின் உட்பரப்பை மூடியிருக்கும் சளிப்படலத்தில் கலக்கவும் வேண்டும். மல்லிகை இதழ் விரியும் மாலையில் இந்த மூன்றுக்கும் பொருந்தும் மூலக்கூறுகளை ஏராளமாக வெளியிடுகிறது.

மூக்கின் கூரையில்

சாதாரணமாக மூச்சிழுக்கும்போது காற்றின் பெரும்பகுதி மூக்கின் கீழ்ப்பாதை வழியாக நேரே தொண்டைக்குப் போய்விடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டுமே மேலேறி மூக்கின் கூரையைத் தொடுகிறது. பூவை மூக்கருகே கொண்டுபோய், விட்டு விட்டு உறிஞ்சி முகரும்போது அந்தப் பங்கு கூடுகிறது. கூரைக்கு இன்னொரு வழியும் உண்டு. வாயில் மெல்லும் உணவின் ஆவி தொண்டையின் பின்புறமாக மேலேறி அதே இடத்தை அடைகிறது. நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, புரதச்சுவை ஆகிய சிலவற்றை மட்டுமே. ரசத்தை ரசம் என்றும் சாம்பாரைச் சாம்பார் என்றும் பிரித்தறிவதில் பெரும்பங்கு இந்தப் பின்வழிக்கு உரியது. சளி பிடித்தால் சாப்பாடு சப்பென்று போவதற்குக் காரணம், நாக்கு நன்றாக இருந்தும் மூக்கின் கூரைக்குக் காற்று போய்ச் சேராததே.

அந்தக் கூரையில், இரண்டு பக்கமும் சேர்த்துச் சில சதுர சென்டிமீட்டர் பரப்பில், மஞ்சள் சாயல் கொண்ட ஒரு மெல்லிய திசு இருக்கிறது. அதற்குள் நுகர்நரம்புச் செல்கள் பல பத்து லட்சம். ஒவ்வொரு செல்லின் ஒரு முனை சளிப்படலத்துக்குள் நீண்டு, நுண்ணிய இழைகளாகப் பிரிந்து பரவியிருக்கிறது. மறுமுனை மெல்லிய நாராக மாறி, சல்லடைபோல் துளைகள் கொண்ட மண்டையோட்டு எலும்பு ஒன்றைக் கடந்து நேராக மூளைக்குள் நுழைகிறது.

இந்த அமைப்பு உடலில் வேறெங்கும் இல்லை. கண்ணின் ஒளியுணர் செல்கள் விழிக்குள், பல அடுக்குகளுக்குப் பின்னால் இருக்கின்றன. காதின் மயிர்ச்செல்கள் உடலின் மிகக் கடினமான எலும்புகளுள் ஒன்றின் உள்ளே, திரவத்தில் மூழ்கியிருக்கின்றன. மூக்கில் மட்டும், மூளைக்குள் நார் நீட்டியிருக்கும் நரம்புச் செல் ஒன்று வெளிக்காற்றின் விளிம்பில் சளியை மட்டுமே காப்பாகக் கொண்டு நிற்கிறது. மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தின் டீசல் புகையும் தூசியும் கிருமியும் அதன்மேல்தான் விழுகின்றன. அதனால் அந்தச் செல் நீண்ட நாள் வாழ்வதில்லை. சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அது மடிகிறது. அடியிலிருக்கும் மூலச்செல்களிலிருந்து புதிய நரம்புச் செல் வளர்ந்து, புதிய நாரை மூளைக்கு அனுப்பி, பழைய இணைப்பைப் பிடிக்கிறது. நரம்புச் செல்கள் பொதுவாக ஒருமுறை அழிந்தால் திரும்ப வராதவை. மூக்கின் நரம்புச் செல் வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கப்படும் அரிய விதிவிலக்கு.

வேதிப்பொருள் மின்சாரமாகும் இடம்

எந்த நரம்புச் செல்லும் அமைதியாக இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சற்றே எதிர்மின் தன்மை கொண்டிருக்கும். வேறுபாடு ஏறத்தாழ 60 முதல் 70 மில்லிவோல்ட். செல்லின் சவ்வில் உள்ள புரதங்கள் சோடியத்தை வெளியே தள்ளியும் பொட்டாசியத்தை உள்ளே இழுத்தும் இந்த வேறுபாட்டை ஓயாமல் காத்து வருகின்றன. புலனறிவு என்பது, வெளியிலிருந்து வரும் தூண்டல் ஒன்று இந்த அமைதியைக் குலைப்பதிலிருந்து தொடங்குகிறது.

லினலூல் மூலக்கூறு ஒன்று சளியில் கலந்து நுகர்செல்லின் இழையை அடைகிறது என்று கொள்வோம். இழையின் சவ்வில் ஏற்பி எனப்படும் புரதம் பதிந்திருக்கிறது. மூலக்கூறு ஏற்பியின் குழிக்குள் பொருந்தி உட்கார்ந்ததும் ஏற்பியின் வடிவம் சற்றே மாறுகிறது. அந்த மாற்றம் செல்லுக்குள் இருக்கும் ஜி-புரதம் ஒன்றை விழிக்கச் செய்கிறது. ஜி-புரதம் அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியை முடுக்கிவிடுகிறது. நொதி சுழல் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறைப் பெருமளவில் உற்பத்தி செய்கிறது. அது சவ்வில் உள்ள அயனி வாயில்களைத் திறக்கிறது. வெளியே காத்திருந்த சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன. உள்ளே வந்த கால்சியம் இன்னொரு வகை வாயிலைத் திறக்க, எதிர்மின் கொண்ட குளோரைடு வெளியேறுகிறது. நேர்மின் உள்ளே வருவதும் எதிர்மின் வெளியே போவதும் ஒரே பக்கம் கூட்டுகின்றன. அதனால் மிகச் சிறிய தூண்டல்கூடப் பெரிய மின்மாற்றமாகிறது.

அந்த மாற்றம் ஒரு வரம்பைத் தாண்டியதும் செல்லில் மின்துடிப்பு எழுகிறது. ஒரு துடிப்பின் ஆயுள் ஒரு மில்லி விநாடி அளவே. துடிப்பு எப்படி எழுகிறது, எப்படி நார் வழியே ஓடுகிறது என்பதை ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாய் இனக் கடலுயிர் ஒன்றின் தடித்த நரம்பு நாரில் அளந்து 1952இல் விளக்கினர். 1963இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. துடிப்பு பாதியாக எழுவதில்லை. எழுந்தால் முழுதாக எழும், இல்லையென்றால் எழாது. அப்படியானால் மெல்லிய மணத்தையும் நெடியையும் செல் எப்படி வேறுபடுத்திச் சொல்கிறது? இதற்கு விடை அதற்கும் முன்பே, 1926இல், எட்கர் ஏட்ரியன் கண்டது. தூண்டல் வலுத்தால் துடிப்பு பெரிதாவதில்லை. ஒரு விநாடிக்கு எழும் துடிப்புகளின் எண்ணிக்கை கூடுகிறது. தொடுகை, வலி, ஒளி, மணம் என்று எந்தப் புலனிலும் மூளை நோக்கிச் செல்லும் நரம்பு இந்தத் துடிப்புகளையே அனுப்புகிறது. ஏட்ரியன் 1932இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிற்காலத்தில் முள்ளெலி, முயல் ஆகியவற்றின் மூளையில் மணத்துக்கு எழும் மின்னலைகளைப் பதிவு செய்வதில் அவர் பல ஆண்டுகள் ஈடுபட்டார்.

நுகர்நரம்பின் நார் மிக மெல்லியது. மின்காப்பு உறையும் அதற்கு இல்லை. அதனால் அதில் துடிப்பு நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான வேகத்தில்தான் செல்கிறது. விரல்நுனியின் தொடுகைச் செய்தி அதைவிடப் பல மடங்கு வேகமாகப் பாய்கிறது. ஆனால் மூக்கின் கூரையிலிருந்து மூளைக்கு உள்ள தூரம் ஓரிரு சென்டிமீட்டர்தான். மெதுவாகப் போனாலும் செய்தி உடனே சேர்ந்துவிடுகிறது.

400 ஏற்பிகளும் எண்ணற்ற மணங்களும்

மணத்தை அறியும் ஏற்பிகள் எவை என்பது இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு வரை புதிராகவே இருந்தது. 1991இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் எலியின் மூக்குத் திசுவில் இதற்கான மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்தனர். அது பாலூட்டிகளின் மரபுத்தொகுதியிலேயே மிகப் பெரிய மரபணுக் குடும்பம் என்று பின்னர் தெரியவந்தது. எலி இனத்தில் ஏறத்தாழ ஆயிரம் மரபணுக்கள் இதற்கென்று செயல்படுகின்றன; மனிதரில் ஏறத்தாழ 400. இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கே இயற்கை கடைப்பிடிக்கும் ஒரு விதி வியப்பானது. ஒவ்வொரு நுகர்செல்லிடமும் எல்லா ஏற்பி மரபணுக்களும் இருக்கின்றன. ஆனால் அது ஒன்றை மட்டுமே தேர்ந்து பயன்படுத்துகிறது. ஆக, ஒரு செல் ஒரு வகை ஏற்பியை மட்டுமே தாங்கி நிற்கும். ஆனால் அந்த ஏற்பி ஒரே ஒரு மூலக்கூறுக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. வடிவில் நெருங்கிய பல மூலக்கூறுகளுக்கு அது ஏறக்குறைய இசைந்துகொடுக்கிறது. அதேபோல் ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டுகிறது. எந்தெந்த ஏற்பிகள் எந்தெந்த அளவில் தூண்டப்பட்டன என்ற சேர்க்கையே மூளைக்குப் போகும் செய்தி. இதை லிண்டா பக் குழுவினர் 1999இல் சோதனையில் காட்டினர். தமிழின் 247 எழுத்துகளைக் கொண்டு எத்தனை நூல் வேண்டுமானாலும் எழுதிவிடலாம் என்பதுபோல, 400 ஏற்பிகளின் சேர்க்கைகளைக் கொண்டு மூக்கு எண்ணிலடங்கா மணங்களைப் பிரித்தறிகிறது.

இண்டோலின் இரு முகங்களும் இதனால் விளங்குகின்றன. அளவு குறைவாக இருக்கும்போது அதற்கு மிகவும் இசைந்த ஏற்பிகள் மட்டுமே தூண்டப்படுகின்றன. அளவு கூடும்போது, குறைவாக இசையும் ஏற்பிகளும் சேர்ந்துகொள்கின்றன. சேர்க்கை மாறுகிறது, மணமும் மாறிவிடுகிறது. அடைத்த அறையில் மல்லிகைக் குவியலருகே நெடுநேரம் இருப்பவர் சிலருக்குத் தலைவலிக்கும் அளவுக்கு மணம் கனத்துப்போவதும், காற்றோட்டத்தில் அதே பூ இனிப்பதும் நாம் அன்றாடம் காண்பவை.

ஏற்பியின் குழிக்குள் மணமூலக்கூறு எப்படி உட்காருகிறது என்பதை நேரில் பார்க்க இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. 2023இல் அமெரிக்காவில் ஆஷிஷ் மாங்லிக், ஹிரோவாகி மட்சுனாமி ஆகியோரின் குழுக்கள் மனித நுகர் ஏற்பி ஒன்றின் முப்பரிமாண அமைப்பை முதன்முறையாக வெளியிட்டன. அவர்கள் பார்த்த ஏற்பி, புளித்த பாலாடைக்கட்டியின் நெடி கொண்ட புரோப்பியோனேட்டைப் பிடிப்பது. மல்லிகைக்கு இசையும் ஏற்பிகளின் அமைப்பையும் இதே முறையில் காணும் காலம் தூரத்தில் இல்லை.

ஏற்பி மரபணுக்கள் ஆளுக்கு ஆள் சற்றே வேறுபடுகின்றன. பன்றியிறைச்சியிலும் மனித வியர்வையிலும் உள்ள ஆண்ட்ரோஸ்டினோன் என்ற பொருள் சிலருக்குத் தாங்கமுடியாத நாற்றம். சிலருக்கு இனிய மணம். சிலருக்கு ஒன்றுமே இல்லை. இதில் பெரும்பங்கு ஒரே ஒரு ஏற்பி மரபணுவின் வேறுபாட்டால் வருவது என்று 2007இல் காட்டப்பட்டது. ஒரே சரத்தை முகரும் இருவர் ஒரே மணத்தை உணர்கிறார்கள் என்பதற்கு உறுதி இல்லை.

மூளைக்குள்

மூக்கிலிருந்து வரும் நார்கள் முதலில் அடைவது மூளையின் முன்னடியில் உள்ள நுகர்குமிழ். மூக்கின் திசுவில் ஒரே வகை ஏற்பி கொண்ட செல்கள் அங்குமிங்குமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் அவற்றின் நார்கள் நுகர்குமிழில் ஒன்றுகூடிக் குறிப்பிட்ட சில முடிச்சுகளில் மட்டுமே போய் முடிகின்றன. எலியில் ஒவ்வொரு ஏற்பிக்கும் ஒரு குமிழில் ஏறத்தாழ இரண்டு முடிச்சுகள். மூக்கில் சிதறியிருந்தது இங்கே ஒழுங்கான வரைபடமாகிறது. மல்லிகையை முகர்ந்தால் சில முடிச்சுகள் துடிக்கும். மரிக்கொழுந்துக்கு வேறு சில.

இங்கிருந்து செய்தி போகும் பாதைதான் மூக்கைத் தனித்து நிறுத்துகிறது. கண், காது, தோல் ஆகியவற்றின் செய்திகள் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதியைக் கடந்தே மேற்புறணியை அடைகின்றன. மணத்தின் செய்தியோ தலாமஸைத் தாண்ட வேண்டிய கட்டாயமின்றி நேராக நுகர்புறணிக்கும், உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கும், நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸின் வாசலுக்கும் போகிறது. கல்யாண வீட்டின் மல்லிகையும் சாவு வீட்டின் சம்பங்கி மாலையும் பல ஆண்டுகளுக்குப் பிறகும் பெயர் சொல்வதற்கு முன்பே நெஞ்சைத் தொடுவதற்கு இந்தக் குறுக்குவழி ஒரு காரணம்.

மனிதரின் மூக்கு மற்ற விலங்குகளோடு ஒப்பிடத் தகாத அளவுக்கு மந்தமானது என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பால் புரோகாவின் மூளை ஒப்பீடுகளிலிருந்து பரவியது. அது ஆதாரமற்ற நம்பிக்கை என்று ஜான் மெக்கான் 2017இல் விரிவாக எடுத்துக்காட்டினார். தமிழ் மரபு மூக்கைத் தாழ்த்தியதில்லை. தொல்காப்பியம் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது தொடுகை, சுவை ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாம் அறிவாக மோப்பத்தை வைக்கிறது; பார்வையும் கேள்வியும் அதற்குப் பின்னரே வருகின்றன. மூவறிவு உயிருக்கு அது காட்டும் சான்று கறையானும் எறும்பும். எறும்பின் சமூக வாழ்வு முழுவதும் மணத்தின்மேல் நிற்கிறது என்பதை இன்றைய உயிரியல் உறுதிப்படுத்துகிறது.

வெங்காயமும் மிளகாயும் பேசும் நரம்பு

பூச்சந்தையிலிருந்து சற்று நடந்தால் மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தை. அங்கே வெங்காயமும் மிளகாயும் மூக்கைத் தாக்குகின்றன. இதையும் நாம் மணம் என்றே சொல்கிறோம். ஆனால் இங்கே செய்தி கொண்டுபோவது நுகர்நரம்பு அல்ல; முகத்தின் தொடுகை, வெப்பம், வலி ஆகியவற்றுக்குப் பொறுப்பான முப்பிரிவு நரம்பு. கண்ணின் மேற்பரப்பு, மூக்கு, வாய் எங்கும் அதன் கிளைகள் பரவியிருக்கின்றன.

மிளகாயின் காரப்பொருள் கேப்சைசின். அது எந்த ஏற்பியைத் தூண்டுகிறது என்பதை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டனர். டி.ஆர்.பி.வி.1 என்று பெயரிடப்பட்ட அந்த அயனி வாயில், ஏறத்தாழ 43 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் திறக்கிறது. மிளகாய் எரிகிறது என்று நாம் சொல்வது வெறும் வழக்கு அல்ல. மூளைக்குப் போய்ச் சேரும் செய்தி உண்மையிலேயே சுடுகிறது என்பதுதான். வெங்காயம் நறுக்கும்போது எழும் கந்தக ஆவி இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வாயிலைத் திறந்து கண்ணீர் வரவழைக்கிறது. தொடுகையின் அழுத்தத்தை உணரும் பியேசோ வாயில்களை ஆர்டெம் பட்டபூட்டியன் 2010இல் கண்டறிந்தார். ஜூலியஸும் அவரும் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இரு நரம்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் புலனறிவின் அடிப்படை விளங்குகிறது. மல்லிகைக்கும் மிளகாய்க்கும் எழும் மின்துடிப்பு ஒரே தன்மை கொண்டது. ஒன்று மணமாவதும் மற்றது எரிச்சலாவதும், துடிப்பு எந்தச் செல்லில் பிறந்தது, மூளையின் எந்த இடத்தில் போய் முடிந்தது என்பதைப் பொறுத்தவை. ஜெர்மன் உடலியலாளர் யோகன்னஸ் முல்லர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இந்தக் கருத்தை முன்வைத்துவிட்டார்.

பழகிப்போகும் மூக்கு

பூச்சந்தையில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவருக்குச் சில நிமிடங்களிலேயே மணம் மங்கிவிடுகிறது. புதிதாக உள்ளே வருகிறவர்தான் அதில் திளைக்கிறார். இது கவனக்குறைவால் வருவது அல்ல. செல்லுக்குள்ளேயே நடக்கும் வேலை. உள்ளே பாய்ந்த கால்சியம், கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து, முன்பு திறந்த அதே வாயில்களின் கூருணர்வைக் குறைக்கிறது. மணம் தொடர்ந்து இருந்தாலும் செல் அனுப்பும் துடிப்புகள் குறைகின்றன. மூளையும் தன் பங்குக்கு மாறாத செய்தியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. புலன்களுக்கு முக்கியம் இருப்பது அல்ல, மாறுவது. மல்லிகை நடுவே அமர்ந்தவருக்கு மல்லிகை மறைந்தாலும் எங்கோ தீயும் சருகின் புகை உடனே எட்டுகிறது. அதற்குரிய செல்கள் இன்னும் பழகிப்போகவில்லை.

ஈயும் வௌவாலும்: இந்திய ஆய்வுகள்

இத்துறையில் இந்தியாவின் பங்கு சிறிதல்ல. மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கியும் அவருடைய மாணவியான வெரோனிகா ரோட்ரிக்ஸும் பழ ஈயில் சுவையும் மணமும் அறியும் ஆற்றலை மரபணு வழியே ஆராய்ந்தனர். குறிப்பிட்ட மணங்களை உணராத ஈ வகைகளைப் பிரித்தெடுத்து 1978இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு முன்னோடியானது. பாலூட்டிகளின் நுகர் மரபணுக்கள் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பணி அது. பின்னர் சித்திக்கி பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை உருவாக்கினார்.

மதுரைக்கும் இதில் இடம் உண்டு. நகருக்கு மேற்கே நாகமலைப் பக்கம் உள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் விலங்குகளின் நடத்தை ஆய்வுக்கு வலுவான அடித்தளம் அமைத்தார். அங்கே ஜி. மாரிமுத்துவும் ஜெர்மானியரான கெர்ஹார்ட் நாய்வைலரும் மெகாடெர்மா லைரா என்ற வௌவால், இருளில் இரை எழுப்பும் சலசலப்பைக் கேட்டே அதைப் பிடிக்கிறது என்பதை 1987இல் வெளியிட்டனர். குறுமூக்குப் பழ வௌவாலின் மோப்பத் திறனும் மாரிமுத்து குழுவினரால் ஆராயப்பட்டது. இந்த வௌவால் எதிரொலியை நம்பாமல் மூக்கைக் கொண்டு பழுத்த பழத்தைத் தேடுவது. புலனறிவை அளக்க வெளிநாட்டு ஆய்வகங்களுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. மதுரையைச் சுற்றியுள்ள குகைகளும் தோப்புகளும் போதுமானவையாக இருந்தன.

மணம் போனால்

மூக்கு செயலிழக்கும்போதுதான் அதன் மதிப்பு தெரிகிறது. 2020இல் கொரோனா தொற்றிய பலருக்கு மணம் திடீரென்று முற்றிலும் மறைந்தது. வைரஸ் நுகர்நரம்புச் செல்லையே தாக்குகிறது என்று முதலில் அஞ்சப்பட்டது. வைரஸ் நுழையத் தேவையான புரதம் நரம்புச் செல்லில் இல்லை, அதைச் சுற்றித் தாங்கி நிற்கும் துணைச் செல்களில் இருக்கிறது என்பதை சந்தீப் ராபர்ட் தத்தா குழுவினர் அதே ஆண்டு காட்டினர். துணைச் செல்கள் சிதைந்ததால் நரம்புச் செல்கள் செயலிழந்தன. துணைச் செல்கள் மீண்டபோது பெரும்பாலானோருக்கு மணமும் திரும்பியது.

இன்னொரு காரணம் நம் சாலைகளில் இருக்கிறது. இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து தலையில் அடிபடும்போது மண்டையோட்டுக்குள் மூளை சற்றே அசைகிறது. சல்லடை எலும்பின் துளைகள் வழியே செல்லும் மெல்லிய நார்கள் அந்த அசைவில் அறுந்துவிடக் கூடும். மண்டை உடையாமலும் பெரிய காயம் தெரியாமலும் மணம் நிரந்தரமாகப் போய்விடலாம். தலைக்கவசம் காப்பவற்றுள் மூக்கும் ஒன்று என்று நாம் சொல்லிக்கொடுப்பதில்லை.

மூப்பும் மணத்தை மங்கச் செய்கிறது. பார்கின்சன் நோயில் கை நடுக்கம் தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மோப்பம் குறையக்கூடும். அல்சைமர் நோயிலும் அது தொடக்க அறிகுறிகளுள் ஒன்று. மணம் குறைந்த எல்லோருக்கும் இந்த நோய் வரும் என்று பொருளல்ல. ஆனால் காரணமின்றி மணம் குறைவதை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது தவறு.

மணமின்மை ஆபத்தும்கூட. சமையல் எரிவாயுவுக்குத் தானாக மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் சேர்க்கப்படுகிறது. காற்றில் நூறு கோடிக்குச் சில பங்கு இருந்தாலே நலமான மூக்கு அதைப் பிடித்துவிடும். 1937 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் பள்ளியில், மணமற்ற எரிவாயு கசிந்து வெடித்ததில் ஏறத்தாழ 300 பேர் இறந்த பிறகே இந்த ஏற்பாடு கட்டாயமாகத் தொடங்கியது. மணம் தெரியாதவர் தனியாகச் சமைக்கும் வீட்டில் அந்தப் பாதுகாப்பு இல்லை என்றே கொள்ள வேண்டும்.

இவ்வளவு இருந்தும் இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் மணமின்மை இல்லை. பார்வைக்கும் கேள்விக்கும் பள்ளிகளில் பரிசோதனை உண்டு, மூக்குக்கு இல்லை. உலகெங்கும் பயன்படும் பழைய மோப்பச் சோதனை 1984இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டோட்டி உருவாக்கியது. அதன் 40 மணங்களில் பீட்சாவும் உண்டு. நம் மூதாட்டி ஒருவருக்கு அது எதைச் சோதிக்கும்? இந்திய மணங்களைக் கொண்ட சோதனையும் வந்திருக்கிறது. பார்கின்சன் நோயாளிகளிடம் அதைப் பயன்படுத்திய ஆய்வு 2013இல் வெளியானது. மல்லிகை, பெருங்காயம், கற்பூரம், ஏலக்காய் என்று ஊரறிந்த மணங்களைக் கொண்டு தமிழகத்துக்கென ஒரு சோதனையை வகுப்பது கடினமான வேலை அல்ல.

சிகிச்சையிலும் எளிய வழி ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் தாமஸ் ஹம்மல் 2009இல் வெளியிட்ட முறைப்படி ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் தினம் இருமுறை, பன்னிரண்டு வாரம், கவனத்தோடு முகர வேண்டும். அப்படிப் பயிற்சி செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மோப்பம் மேம்பட்டது. செல்கள் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றலுக்குப் பயிற்சி துணைநிற்கிறது என்று கருதப்படுகிறது. எலுமிச்சையும் கிராம்பும் நம் அடுக்களையில் இருப்பவை. யூகலிப்டஸ் தைலம் பெட்டிக்கடையில் கிடைப்பது. எல்லோருக்கும் பலன் தரும் மருந்து அல்ல இது. ஆனால் மருத்துவர் வழிகாட்டலோடு செய்து பார்ப்பதில் செலவும் இல்லை, தீங்கும் இல்லை.

1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊர் ஊராக முகாம் நடத்தி, பார்வையிழப்பை விதி என்று ஏற்றுக்கொண்டிருந்த மக்களை அறுவை மேசைக்கு அழைத்து வந்தது அந்த நிறுவனம். ஒரு புலனை எப்படிக் காக்க வேண்டும் என்பதை உலகுக்குக் காட்டிய ஊர் மதுரை. மல்லிகையை விற்கவும் வாங்கவும் சூடவும் தெரிந்த அதே ஊர், மூக்கைக் காப்பதிலும் முன்கை எடுக்க வேண்டும். முதியோர் உடற்பரிசோதனையில் மோப்பச் சோதனை சேரட்டும். தலையில் அடிபட்டு வருவோரிடம் மணம் தெரிகிறதா என்று மருத்துவர்கள் கேட்கட்டும். நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இன்றே ஒரு மல்லிகையைக் கொடுத்து, கண்ணை மூடச் சொல்லி, இது என்ன என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.